மருத்துவமனைக்கு வழிவிட்ட மரங்கள்

புது தில்லி: தலைநகரின் தெற்கு விளிம்பில், சத்தர்பூர் அருகே 2024 பிப்ரவரியில் சுமார் 1,100 மரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டன. வெட்டியது மரக் கடத்தல் கும்பல் அல்ல. மத்திய அரசின் கட்டுப்பாட்டில் உள்ள தில்லி வளர்ச்சி ஆணையம். ஒரு சாலையை அகலப்படுத்துவதற்காக அவை வெட்டப்பட்டன. அந்தச் சாலை, மத்திய ஆயுதக் காவல் படையினருக்காகக் கட்டப்பட்ட மருத்துவ அறிவியல் நிறுவனத்துக்குச் செல்லும் சாலை.

வெட்டப்பட்ட மரங்களில் ஒரு பகுதி "ரிட்ஜ்" எனப்படும் ஆரவல்லி முகட்டுக் காட்டைச் சேர்ந்தவை. ரிட்ஜ் பகுதியில் நீதிமன்ற அனுமதியின்றி மரம் வெட்டக் கூடாது என்று 1996-லேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. எனவே 1,051 மரங்களை வெட்ட அனுமதி கோரி ஆணையம் மனு செய்தது. அந்த மனுவை 2024 மார்ச் 4 அன்று நீதிமன்றம் நிராகரித்தது. ஆனால், அதற்கு முன்பே மரங்கள் மண்ணில் கிடந்தன. அந்த உண்மை நீதிமன்றத்திடம் மறைக்கப்பட்டது. 422 மரங்களை வெட்ட அன்றைய தில்லி அரசு வழங்கிய அனுமதியும் பின்னர் கண்டனத்துக்கு உள்ளானது.

நீதிமன்ற அவமதிப்பு வழக்கில் 2025 மே 28 அன்று தீர்ப்பு வந்தது. ஆணையத்தின் அதிகாரிகள் அவமதிப்புக் குற்றம் புரிந்தவர்களே என்று உச்ச நீதிமன்றம் கூறியது. தொடர்புடைய அதிகாரிகளுக்குத் தலா ரூ. 25 ஆயிரம் விதிக்கப்பட்டது. ஈடாகக் காடு வளர்க்கவும் ஆணையிடப்பட்டது. ஆனால், படையினரின் மருத்துவமனைக்கு வழியமைப்பது பொதுநலன் சார்ந்த நோக்கம் என்பதால் கடும் தண்டனை தவிர்க்கப்பட்டது.

இவ்வழக்கில் "மக்கள் நலம்" என்ற சொல் மருத்துவமனையின் பக்கம் நின்றது. மரங்கள் "சுற்றுச்சூழல்" என்ற வேறொரு கணக்கில் வைக்கப்பட்டன. மருத்துவமனை உயிரைக் காப்பது, மரம் அழகைக் கூட்டுவது என்பது போன்ற இந்தப் பிரிவினைதான் இந்திய நகரங்களின் பசுமைக் கொள்கையில் உள்ள அடிப்படைக் கோளாறு.

பெங்களூரு காட்டிய வழி

பூங்காவா, மருத்துவமனையா என்ற கேள்வி நாட்டின் உயர் நீதி அமைப்புக்குப் புதிதன்று. பெங்களூருவில் சாங்கி ஏரிக்கு அருகே, ராஜ்மகால் விலாஸ் விரிவாக்கப் பகுதியில் பூங்காவுக்கென ஒதுக்கப்பட்டிருந்த நிலத்தைத் தனியார் மருத்துவ அறக்கட்டளை ஒன்றுக்கு வழங்க 1976-ல் கர்நாடக அரசு ஆணையிட்டது. அப்பகுதிவாசிகள் வழக்குத் தொடுத்தனர்.

1991-ல் அவ்வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. மருத்துவமனையும் பொதுமக்களுக்கான வசதிதானே என்ற வாதத்தை நீதிபதிகள் டி.கே. தொம்மன், ஆர்.எம். சகாய் ஆகியோர் ஏற்கவில்லை. திறந்தவெளியும் பூங்காவும் மக்களின் உடல்நலத்துக்காகவே ஒதுக்கப்படுகின்றன. கட்டணம் செலுத்தக்கூடியவர்களுக்குப் பயன்படும் தனியார் மருத்துவ இல்லம் அனைவருக்குமான பூங்காவுக்கு மாற்றாகாது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

பெங்களூருவில் தனியார் நிறுவனம், தில்லியில் படையினருக்கான அரசு நிறுவனம் என்ற வேறுபாடு உண்மையே. ஆயினும், பசுமைவெளியே ஒரு சுகாதார வசதி என்று 1991-ல் நீதிமன்றம் கண்டுகொண்ட உண்மை, நிர்வாகத்தின் நடைமுறைக்குள் இன்னும் நுழையவில்லை.

ஆய்வுகள் சொல்வது என்ன?

பசுமைக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பு பற்றிய நவீன ஆய்வுகளுக்குத் தொடக்கமாகக் கருதப்படுவது, அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் 1984-ல் வெளியிட்ட சிறிய கட்டுரை. பென்சில்வேனியாவில் உள்ள மருத்துவமனை ஒன்றில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவைச் சிகிச்சை பெற்ற 46 பேரின் பதிவேடுகளை அவர் ஒப்பிட்டார். பாதிப் பேரின் அறைச் சன்னலுக்கு வெளியே மரங்கள் இருந்தன. மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரங்களைப் பார்த்திருந்தவர்கள் விரைவில் வீடு திரும்பினர்; கடுமையான வலிநிவாரணிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன.

46 பேரை வைத்து உலகுக்கே விதி வகுக்க முடியாது. ஆனால் அதன் பின் வந்த ஆய்வுகள் பெரிய அளவிலானவை. ஆஷ் மரங்களைத் துளைத்து அழிக்கும் ஒரு வண்டினம் அமெரிக்காவில் பரவிக் கோடிக்கணக்கான மரங்கள் பட்டுப்போயின. அதனால் 15 மாநிலங்களில் நேர்ந்த விளைவை 1990 முதல் 2007 வரையிலான இறப்புப் பதிவுகளோடு ஒப்பிட்ட ஆய்வு 2013-ல் வெளியானது. மரங்கள் அழிந்த மாவட்டங்களில் இதய, ரத்தநாள நோய்களால் 15,080 பேரும், கீழ்ச் சுவாசப்பாதை நோய்களால் 6,113 பேரும் கூடுதலாக இறந்திருப்பதாக அது மதிப்பிட்டது.

இங்கிலாந்தில் நடத்தப்பட்டு 2008-ல் "லான்செட்" இதழில் வெளியான ஆய்வு, அரசியல் நோக்கில் இன்னும் முக்கியமானது. ஏழைகள் பணக்காரர்களைவிட முன்னதாக இறப்பது எல்லா நாடுகளிலும் காணப்படுவதுதான். ஆனால், பசுமை குறைந்த பகுதிகளில் ரத்த ஓட்ட மண்டல நோய்களால் ஏழைகள் இறக்கும் விகிதம் வசதி படைத்தோரைவிட 2.19 மடங்காக இருந்தபோது, பசுமை மிகுந்த பகுதிகளில் அது 1.54 மடங்காகக் குறைந்திருந்தது. வருமான இடைவெளி மாறாதபோதும் மரண இடைவெளி குறுகியிருந்தது.

ஃபிலடெல்ஃபியா நகரில் குப்பை மண்டிக் கிடந்த 541 காலிமனைகளைத் தேர்ந்தெடுத்து, குலுக்கல் முறையில் சிலவற்றில் மட்டும் புல்லும் மரமும் நட்டுப் பார்த்தனர். 2018-ல் வெளியான அந்த ஆய்வின்படி, பசுமையாக்கப்பட்ட மனைகளின் அருகே வசித்தவர்களில் மனச்சோர்வை உணர்வதாகக் கூறுவது 41.5 சதவீதம் குறைந்தது. வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள பகுதிகளில் இந்தக் குறைவு 68 சதவீதம். பெரும் பூங்காக்கள் தேவைப்படவில்லை. பக்கத்து மனையில் சிறிது பசுமையே போதுமானதாக இருந்தது.

வெப்பம் என்னும் அவசரம்

இந்தியாவைப் பொறுத்தவரை இவை அனைத்தையும் விட அவசரமானது வெப்பம். 2024 கோடையில் நாடெங்கும் 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு வெப்பத் தாக்கம் ஏற்பட்டிருக்கலாம் என்று அரசுப் பதிவுகளே கூறின. ஜூன் நடுப்பகுதி வரை 110 மரணங்கள் உறுதி செய்யப்பட்டன. தில்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனையில், வெப்பத் தாக்கத்துக்கு உள்ளானவர்களைப் பனிக்கட்டி நீர்த்தொட்டியில் அமிழ்த்திக் குளிர்விக்கும் தனிப் பிரிவு அந்த ஆண்டு மே மாதம் தொடங்கப்பட்டது.

அந்த ஜூன் மாதத்தில் தில்லியில் இரவின் குறைந்தபட்ச வெப்பநிலையே 35 டிகிரி செல்சியஸைத் தொட்டது. பகல் வெயிலைவிட ஆபத்தானது இத்தகைய இரவு. பகலில் சூடேறிய உடல் இரவில்தான் தணிய வேண்டும். கான்கிரீட்டும் தாரும் பகலெல்லாம் உள்வாங்கிய வெப்பத்தை இரவில் வெளியிடுகின்றன. குளிர்சாதனப் பெட்டிகள் அறைக்குள் இருக்கும் வெப்பத்தைத் தெருவுக்குத் தள்ளுகின்றன. அந்தத் தெருவில் தகரக் கூரையின் கீழ் உறங்குபவருக்கு உடல் தணிய வழியில்லை. மரம் நிழல் தருவதோடு, இலைவழியே நீரை ஆவியாக்கிச் சுற்றுப்புறத்தைக் குளிர்விக்கிறது. மின்கட்டணம் இல்லாத குளிர்சாதனம் ஏழைகளுக்கு இது ஒன்றுதான்.

93 ஐரோப்பிய நகரங்களில் 2015 கோடையில் நகர வெப்பத்தால் 6,700-க்கும் மேற்பட்டோர் இறந்ததாகவும், மரப் பரப்பை 30 சதவீதமாக உயர்த்தியிருந்தால் அவற்றில் மூன்றிலொரு பங்கைத் தவிர்த்திருக்கலாம் என்றும் 2023-ல் "லான்செட்" இதழில் வெளியான ஆய்வு கூறியது. ஐரோப்பியக் கணக்கை அப்படியே தில்லிக்கோ நாகபுரிக்கோ பொருத்த முடியாது. தட்பவெப்பம் வேறு, வீடுகளின் அமைப்பு வேறு, உழைக்கும் நேரம் வேறு. ஆனால், வெயிலில் உழைப்போரும் காற்றோட்டமற்ற வீடுகளில் வசிப்போரும் அதிகமுள்ள நாட்டில் நிழலின் மதிப்பு குறைவாக இருக்க வழியில்லை.

மிகையும் உண்மையும்

பசுமையின் பெயரால் மிகையான வாக்குறுதிகளும் தரப்படுகின்றன. மரம் நட்டால் தில்லியின் நச்சுக்காற்று தூய்மையாகிவிடும் என்பது அவற்றில் ஒன்று. அமெரிக்க மரங்கள் அனைத்தையும் கணக்கிட்டு 2014-ல் வெளியான ஆய்வின்படி, அவற்றால் காற்றின் தரம் சராசரியாக ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே மேம்படுகிறது. வாகனப் புகை, அனல்மின் நிலையங்கள், செங்கல் சூளைகள், கட்டடத் தூசி ஆகியவற்றைக் கட்டுப்படுத்தாமல் மரக்கன்று விழா நடத்துவது, கூரை ஒழுகும் வீட்டில் தரையைத் துடைப்பது போன்றதாகும்.

எந்த மரம் என்பதும் முக்கியம். தில்லிச் சாலைகளில் அழகுக்காகப் பெருமளவில் நடப்பட்ட ஏழிலைப்பாலை அக்டோபரில் பூக்கும்போது, ஒவ்வாமையும் மூச்சுத்திணறலும் உள்ளவர்கள் அவதிப்படுவதாக முறையிடுகின்றனர். ரிட்ஜ் காட்டின் பெரும்பகுதியை ஆக்கிரமித்திருப்பது, தமிழக மக்களுக்கு அறிமுகம் தேவைப்படாத சீமைக்கருவேலம். அங்கு "விலாயதி கீகர்" என்று அழைக்கப்படும் இம்மரம், தில்லி தலைநகரான காலத்தில் பாறை முகட்டை விரைவில் பசுமையாக்க ஆங்கிலேயரால் கொண்டுவரப்பட்டது. வானிலிருந்து பார்த்தால் பச்சை. கீழே மண்ணின் சொந்தத் தாவரங்களுக்கு இடமில்லை.

எனவே மரம் எதற்கும் மருந்து என்பதல்ல வாதம். வெப்பம், உடலுழைப்பின்மை, மன அழுத்தம் ஆகிய மூன்றும் நகரவாசிகளை நோயாளிகளாக்கும் காலத்தில், அம்மூன்றையும் ஒருசேரக் குறைக்கக்கூடிய மலிவான வசதி அருகிலிருக்கும் பசுமைவெளியே என்பதுதான் வாதம். இதில் "அருகில்" என்ற சொல்லுக்கே அழுத்தம்.

இருபத்தைந்து சதவீதக் கணக்கு

அச்சொல்லைத்தான் அரசின் புள்ளிவிவரம் மறைத்துவிடுகிறது. 2023-ஆம் ஆண்டுக்கான இந்திய வன நிலை அறிக்கையின்படி, 1,483 சதுர கி.மீ. பரப்புள்ள தில்லியில் காடும் மரப்பரப்பும் சேர்ந்து 371 சதுர கி.மீ.; அதாவது சுமார் 25 சதவீதம். பெருநகரம் ஒன்றுக்கு இது பெருமைக்குரிய எண்ணாகவே தெரியும். ஆட்சியில் இருந்த கட்சிகள் அனைத்தும் இவ்வகை எண்களைச் சாதனைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டுள்ளன.

ஆனால், ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மரக்கவிகை 10 சதவீதம் இருந்தாலே அது "காடு" என்று அவ்வறிக்கை கணக்கிடுகிறது. நிலம் யாருடையது, என்ன மரம், மக்கள் நுழைய முடியுமா என்ற கேள்விகள் அதில் இல்லை. பண்ணை வீட்டின் மதிலுக்குள் இருக்கும் தோப்பும், ராணுவக் குடியிருப்பின் மரங்களும் எல்லோர் கணக்கிலும் ஏறுகின்றன. புது தில்லியின் அகன்ற சாலைகளில் வேம்பும் நாவலும் கூரை வேய்ந்தது போல் நிற்க, சங்கம் விகார், சீமாபுரி போன்ற நெரிசல் மிகுந்த பகுதிகளில் ஒரு மரத்துக்கான மண்ணே கிடைப்பதில்லை. சராசரி எடுத்தால் இரு பகுதிகளுக்கும் ஒரே எண்தான்.

தில்லி மட்டுமல்ல, பிற நகரங்களின் கணக்கும் எச்சரிக்கையாகவே உள்ளது. 2021 வன நிலை அறிக்கை ஏழு பெருநகரங்களை ஒப்பிட்டது. கொல்கத்தாவில் காடு எனத் தகுதி பெறும் பரப்பு 1.77 சதுர கி.மீ. மட்டுமே. அகமதாபாதில் 2011-ல் 17.96 சதுர கி.மீ. இருந்தது, பத்தாண்டுகளில் 9.41 ஆகச் சுருங்கியது.

அகமதாபாதின் கதை தனியே கவனிக்கத்தக்கது. 2010 மே மாத வெப்ப அலையில் அந்நகரில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தனர். அதிலிருந்து பாடம் கற்று, தெற்காசியாவிலேயே முதலாவது நகர வெப்பச் செயல்திட்டத்தை 2013-ல் அந்நகரம் வகுத்தது. எச்சரிக்கை முறை, மருத்துவமனைத் தயார்நிலை, குடிநீர்ப் பந்தல் என அது பல நகரங்களுக்கு முன்மாதிரியானது. அதே பத்தாண்டில்தான் அந்நகரம் தன் மரப்பரப்பில் ஏறக்குறைய பாதியை இழந்தது. ஒரு கை வெப்பத்துக்கு மருந்து எழுத, மறுகை வெப்பத்தை வளர்த்தது.

கூடலூரிலிருந்து வந்த காப்பு

தில்லியின் பசுமைக்கு இன்றுள்ள சட்டப் பாதுகாப்பின் ஒரு வேர் தமிழகத்தில் இருக்கிறது. நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பகுதியில் காடழிப்பை எதிர்த்து டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995-ல் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் புகழ்பெற்ற உத்தரவைப் பிறப்பித்தது. உடைமை யாருடையதாயினும், அகராதிப் பொருளில் காடாக இருப்பது சட்டத்தின் கண்ணிலும் காடே என்றது அந்த உத்தரவு. அவ்வழக்கின் விளைவாக உருவான மத்திய அதிகாரக் குழுதான் தலைநகரின் மரங்களுக்கும் இன்று காவல். தில்லியில் 50 அல்லது அதற்கு மேற்பட்ட மரங்களை வெட்ட அக்குழுவின் ஒப்புதல் தேவை என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. மரக் கணக்கெடுப்புக்கும் உத்தரவிட்டது.

7,777 ஹெக்டேர் பரப்புள்ள ரிட்ஜின் வரலாறோ தாமதத்தின் வரலாறு. காப்புக்காடாக்கும் முதல்நிலை அறிவிக்கை 1994-ல் வந்தது. இறுதி அறிவிக்கை முப்பது ஆண்டுகளுக்கு மேல் இழுபட்டது. தெற்கு ரிட்ஜில் சுமார் 4,080 ஹெக்டேருக்கு அது கிடைத்தது 2025 இறுதியில்தான். 1995-ல் அமைக்கப்பட்ட ரிட்ஜ் மேலாண்மை வாரியத்துக்குச் சட்டப்பூர்வ தகுதி வழங்குமாறு உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில்தான் கூற நேர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் காடு எது, வீட்டுமனை எது என்ற தெளிவின்மையே ஆக்கிரமிப்புக்குத் துணை நின்றது.

இழப்பீடு யாருக்கு?

ஒரு மரத்தை வெட்டினால் பத்துக் கன்றுகள் நட வேண்டும் என்பது தில்லியின் நடைமுறை. காகிதத்தில் இது லாபக் கணக்கு. ஆனால் கன்று மரமாகி நிழல் தர இருபது ஆண்டுகளாவது வேண்டும். அதுவரை பிழைத்திருக்கவும் வேண்டும். வெட்டாமல் வேரோடு பெயர்த்து நடலாம் என்று 2020-ல் தில்லி அரசு கொள்கை வகுத்தது. பெயர்க்கப்படும் மரங்களில் 80 சதவீதம் பிழைக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. மூன்றாண்டுகளில் பெயர்த்து நடப்பட்ட 16,461 மரங்களில் பிழைத்தவை மூன்றிலொரு பங்கு மட்டுமே என்று 2022-ல் அந்த அரசே உயர் நீதிமன்றத்தில் தெரிவித்தது.

இதைவிட ஆழமான குறை ஒன்றுண்டு. மரம் வெட்டப்படுவது ஓரிடத்தில். ஈடு நடப்படுவது வேறிடத்தில், பெரும்பாலும் நகரின் எல்லையில். காட்டின் பரப்பைக் கணக்கிடும் வனத்துறைக்கு இதில் இழப்பில்லை. ஆனால் அந்த நிழலில் கடை போட்டிருந்தவருக்கும், அங்கு பேருந்துக்குக் காத்திருந்த பணிப்பெண்ணுக்கும், மாலையில் அதன் கீழ் அமர்ந்திருந்த முதியவருக்கும் இருபது கி.மீ. தொலைவில் நடப்பட்ட கன்றால் பயன் ஏதுமில்லை. உடல்நலத்தை இழப்பவர் ஒருவர்; ஈடு பெறுவது வேறொரு துறையின் பதிவேடு. மருத்துவமனையில் ஒரு வார்டை மூடிவிட்டு, பக்கத்து மாவட்டத்தில் அடிக்கல் நாட்டினோம் என்று எந்த அரசும் சமாதானம் கூற முடியாது. மரத்தின் விஷயத்தில் மட்டும் அது சட்டப்படியான சமாதானமாகிறது.

எதிர்த்தரப்பு வாதம்

வளர்ச்சித் திட்டங்களின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. மும்பை ஆரே காலனியில் மெட்ரோ ரயில் பணிமனைக்காக 2019 அக்டோபரில் இரண்டே நாளில் 2,141 மரங்கள் வெட்டப்பட்டன. உச்ச நீதிமன்றம் தடுத்து நிறுத்தும் முன் பெரும்பகுதி முடிந்துவிட்டது. ஆனால் 2025 அக்டோபரில் முழுமையாக இயங்கத் தொடங்கிய அந்த மெட்ரோ வழித்தடமும் புகையைக் குறைத்து மக்கள் நலனைக் காக்கும் என்பதை மறுக்க இயலாது. 2018-ல் தெற்கு தில்லியின் ஏழு அரசுக் குடியிருப்புகளை இடித்துக் கட்ட 14 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் குறிவைக்கப்பட்டபோது மக்கள் தெருவில் இறங்கினர். உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அங்கும் வீட்டுவசதி என்ற தேவை உண்மையானதே. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்த ஹைதராபாத் காஞ்சா கச்சிபௌலி 400 ஏக்கர் திட்டத்திலும் வேலைவாய்ப்பு என்ற வாதம் முன்வைக்கப்பட்டது.

மரமே வெட்டக் கூடாது என்பது எந்த நகரத்துக்கும் சாத்தியமான கொள்கையன்று. ஆனால் இந்த வழக்குகள் அனைத்திலும் ஓர் ஒற்றுமை காணப்படுகிறது. முடிவெடுக்கும் மேசையில் திட்டத்தின் பயன் ரூபாயிலும் எண்ணிக்கையிலும் வைக்கப்பட்டது. மரத்தின் பயன் எண்ணிக்கையாக மட்டும் வைக்கப்பட்டது. அதை இழப்பதால் அந்த வட்டாரத்தில் வெப்பம் எவ்வளவு கூடும், யாருக்கு நோய் கூடும் என்ற கணக்கை எவரும் கேட்கவுமில்லை, கொடுக்கவுமில்லை. விளைவாக, வழக்குகள் நள்ளிரவு மனுக்களாகவும் விடுமுறைக்கால விசாரணைகளாகவும் நீதிமன்றத்துக்கு வருகின்றன. தீர்ப்பு வரும்போது மரம் இருப்பதில்லை.

தில்லியில் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகிறது. நிலம் மத்திய அரசின் கீழுள்ள வளர்ச்சி ஆணையத்திடம். அதன் தலைவர் துணைநிலை ஆளுநர். வனத்துறை தில்லி அரசிடம். சாலையோர மரங்களும் பூங்காக்களும் மாநகராட்சி, புது தில்லி நகராட்சி, பொதுப்பணித் துறைகள் எனச் சிதறிக் கிடக்கின்றன. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குக் கான்கிரீட்டை அகற்ற வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-ல் உத்தரவிட்டும், நடைபாதைக் கல்லில் கழுத்து நெரிபட்ட மரங்களை இன்றும் காணலாம். 2024-ல் மத்தியிலும் தில்லியிலும் வெவ்வேறு கட்சிகள் ஆண்டபோது பழியை ஒருவர்மீது ஒருவர் சுமத்தினர். 2025 பிப்ரவரிக்குப் பின் இரண்டும் ஒரே கட்சியின் கையில் இருப்பதால், அந்தச் சாக்குக்கு இனி இடமில்லை.

என்ன செய்யலாம்?

வழியே இல்லாத நிலைமையன்று இது. சுரங்கங்களால் குழிகளாகிக் கிடந்த வசந்த் விகார் பகுதி நிலத்தை ஆரவல்லி பல்லுயிர்ப் பூங்காவாக மீட்டது இதே தில்லி வளர்ச்சி ஆணையம்தான். தில்லிப் பல்கலைக்கழகச் சூழலியல் அறிஞர்களின் துணையோடு சீமைக்கருவேலத்தைப் படிப்படியாக விலக்கி, மண்ணின் மரங்களைக் கொண்டுவந்தனர். காட்டை வெட்டிய கைகளுக்கு அதை உயிர்ப்பிக்கவும் தெரியும் என்பதற்கு அது சான்று.

முதலில் மாற வேண்டியது அளவுகோல். நகரம் முழுமைக்கும் எத்தனை சதவீதம் என்பதை விட்டு, ஒவ்வொரு வார்டிலும் வீட்டிலிருந்து 300 மீட்டருக்குள் அரை ஹெக்டேர் பசுமைவெளி எத்தனை பேருக்கு எட்டுகிறது என்று கணக்கிட வேண்டும். உலக சுகாதார அமைப்பின் ஐரோப்பிய அலுவலகம் பரிந்துரைக்கும் அளவு அது. ஒரு நபருக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி என்று மத்திய அரசின் நகரத் திட்டமிடல் வழிகாட்டு நெறிகளே கூறுகின்றன. ஆனால் அது வார்டுக்கு வார்டு உறுதி செய்யப்படுவதில்லை.

அடுத்தது, முடிவெடுக்கும் இடத்தில் சுகாதாரத் துறைக்கு நாற்காலி. 2020-ல் அறிவிக்கப்பட்ட 200 நகர வனங்கள் திட்டம் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் திட்டமாகவே உள்ளது. வெப்பச் செயல்திட்டங்களோ பேரிடர் நிர்வாகத்தின் பொறுப்பில் உள்ளன. எந்தத் தெருவில் வெப்பத் தாக்க நோயாளிகள் அதிகம் என்பது மருத்துவமனைப் பதிவேட்டில் இருக்கிறது. எந்தத் தெருவில் மரம் நடுவது என்பது தோட்டக்கலைப் பிரிவின் கோப்பில் இருக்கிறது. இந்த இரு கோப்புகளும் சந்திக்க வேண்டும். பெருமளவில் மரம் வெட்டக் கோரும் ஒவ்வொரு மனுவோடும், அவ்வட்டார மக்களின் உடல்நலத்தில் ஏற்படும் விளைவு குறித்த அறிக்கையும் கட்டாயமாக்கப்பட வேண்டும். ஈடு நடுவதானால், நிழலை இழந்தவர்களின் வட்டாரத்திலேயே நட வேண்டும்.

மூன்றாவது, நுழைவுரிமை. 1936-ல் திறக்கப்பட்ட லோதி தோட்டத்தில் இன்றும் கட்டணமின்றி எவரும் நுழையலாம். அழகுற மீட்கப்பட்டு 2018-ல் திறக்கப்பட்ட சுந்தர் நர்சரியில் சீட்டு வாங்க வேண்டும். பராமரிப்புக்குப் பணம் தேவை என்பது உண்மையே. ஆயினும், அன்றாடக் கூலி பெறும் குடும்பம் ஒன்று ஞாயிறு மாலை மரநிழலுக்குக் கட்டணம் செலுத்தும் நிலை பொதுவிதியாகிவிடக் கூடாது.

பருவநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து காக்கப்படுவது குடிமக்களின் அடிப்படை உரிமை என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் அறிவித்துள்ளது. அந்த உரிமைக்கு நகரத்தின் வரைபடத்தில் ஓர் இடம் வேண்டும். தில்லியின் மரக் கணக்கெடுப்பும், ரிட்ஜ் வாரியத்தின் மறுசீரமைப்பும் அதற்கான வாய்ப்புகள். மரங்களை எண்ணிப் பதிவேட்டில் எழுதுவதோடு அப்பணி முடிந்துவிடுமா, அல்லது ஒவ்வொரு மரத்தின் நிழலில் வாழ்பவர்களும் எண்ணப்படுவார்களா என்பதைப் பொறுத்தே, வரும் கோடைகளில் தலைநகரின் மருத்துவமனைகளில் எத்தனை பனிக்கட்டித் தொட்டிகள் தேவைப்படும் என்பது முடிவாகும்.